லிட்டருக்குப் பத்து

என் மனைவி சரோஜத்திடமிருந்து கார்ச் சாவியை வாங்கி வைத்துவிடுவது என்று நான் முடிவு செய்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு, பெட்ரோல் பங்கில், இரண்டாம் நம்பர் குழாயின் முன்னால். அந்த வாரம் கார் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் ஓடியிருந்தது. எட்டு வருஷமாகப் பதினாறு கொடுத்த கார்.

வெள்ளிக்கிழமை தோறும் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு அதே பங்குக்குப் போவேன். அதே குழாய்தான். நிரப்பும்போது குழாய் தானாக 'டக்' என்று நிற்க வேண்டும், அதற்குமேல் ஒரு சொட்டு கூடாது. பங்கில் நிற்கிற பெண் முழு ரூபாயாக்கட்டுமா என்று கேட்டால் முறைப்பேன். இப்போதெல்லாம் அவள் கேட்பதில்லை. போன வெள்ளியிலிருந்து இந்த வெள்ளி வரை ஓடிய கிலோமீட்டரை இப்போது ஊற்றிய லிட்டரால் வகுத்து, காரிலேயே கிடக்கிற ஒரு சின்ன நோட்டில் எழுதிவிடுவேன். என் கடை இருக்கிற ஆரியசாலையில் இதைச் சொல்லி என்னைக் கேலி செய்யாத கடைக்காரன் கிடையாது. செய்துவிட்டுப் போகட்டும். நான் புளி மொத்த வியாபாரம் செய்கிறவன். மூட்டையில் எடை குறைந்தால் காய்ந்ததா, களவுபோனதா என்று கையை விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஒரு பொருள் குறைந்தால் காரணம் ஒன்று இருந்தே தீரும் என்பது என் கட்சி.

ஆனால் காரின் விஷயத்தில் கையை எங்கே விடுவது?

ஆடி பிறந்ததிலிருந்து இப்படித்தான். முதல் வாரம் பதினொன்று வந்தபோது எழுதியதை அடித்துவிட்டு மறுபடி வகுத்தேன். பதினொன்றுதான். அடுத்த வாரம் பத்தரை. டயரில் காற்று பார்த்தேன், சரியாக இருந்தது. பங்கில்தான் ஏமாற்றுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு, எட்டு வருஷப் பழக்கத்தை விட்டுக் கரமனையில் வேறொரு பங்குக்குப் போனேன். அங்கேயும் பத்து. பழைய பங்குக்கே திரும்பி வந்தபோது அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் சிரித்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

காரை ஓட்டுகிறவள் சரோஜம். நான் கடைக்கு ஸ்கூட்டரில் போகிறவன். அவள் பாலராமபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர், காலை வகுப்புகள் மட்டும். ஏழேகாலுக்குக் கிளம்பினால் பன்னிரண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தை விடுவாள். நாற்பத்தைந்து வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள். நான்கு வருஷமாக ஒரு கீறல் கிடையாது. நான் ஓட்டி விழுந்த கீறல்கள் மூன்று, அதை இங்கே பேச வேண்டாம்.

வலியசாலையில் எங்கள் வீடு வரிசை வீடு. இந்த வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் ஒன்று. இங்கே இருமினால் அங்கே வெந்நீர் வைப்பார்கள். காரை நிறுத்த இடம் கிடையாது. அதனால் பின்பக்கச் சந்தில் ஷட்டர் போட்ட ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். காரை விட்டால் பக்கவாட்டில் ஒருவர் ஒடுங்கி நடக்கலாம், அவ்வளவுதான் இடம்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஏ பிள்ளே, காரை எப்படி ஓட்டுதே நீ?"

"ரோட்டிலேதான் ஓட்டுதேன்" என்றாள். இட்லிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"கிளச்சிலே காலை வச்சுக்கிட்டே போறியா?"

"நாலு வருஷமா வைக்காத காலை இப்போ எதுக்கு வைக்கப்போறேன்?"

"பின்ன பெட்ரோலை யாரு குடிக்கா?"

"எனக்கு என்ன தெரியும்? கரமனையிலே நல்ல பிளாக்கு. ஒரு மணிக்கூர் நிக்குதேன்."

அதுவும் நியாயம்தான். ஒரு மணிக்கு வரவேண்டியவள் சமீபத்தில் இரண்டு மணிக்குத்தான் வீட்டுக்குள் நுழைகிறாள். நான் சாப்பிட வருவது இரண்டேகாலுக்கு என்பதால் எனக்கு அதில் நஷ்டமில்லை. ஆனால் கரமனையில் வண்டி நெரிசல் ஆடி மாதத்திலா பிறந்தது? அது எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கிறது.

"மெக்கானிக்கிட்டே காட்டுதேன். வண்டியிலே கோளாறு இல்லைன்னா கோளாறு உன் காலிலேதான். பெறகு சாவி என் கையிலே இருக்கும், நீ பஸ்ஸிலே போ" என்றேன்.

அவள் எண்ணெய்ச் செம்பைக் கீழே வைத்தாள். சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"சாவியை மட்டும் கேக்காதீங்கோ. வேற எதை வேணும்னாலும் கேளுங்கோ" என்றாள்.

இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என்னிடம் கெஞ்சி நான் கேட்டதில்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த ஒரு மாதிரியை மறைக்க இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். அடுத்த வெள்ளிக்கிழமை வரை கெடு கொடுத்திருந்தேன்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காரை ஷீஜாவின் வொர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போனேன். கிள்ளிப்பாலத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு கார் நிற்கிற அளவு இடம். ஷீஜா ஐடிஐ படித்துவிட்டுப் பெரிய கம்பெனி சர்வீஸ் சென்டரில் பத்து வருஷம் வேலை பார்த்தவள், பிறகு சொந்தமாகத் தொடங்கிவிட்டாள். மலையாளிதான், ஆனால் ஆரியசாலைக்காரர்களின் வண்டிகளோடு பழகிப் பழகித் தமிழை வளைத்துப் போட்டு ஓட்டுவாள். அவளிடம் எனக்குப் பிடித்தது, தெரியாததைத் தெரியாது என்பாள்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். பிளக் நான்கையும் எடுத்துத் துடைத்துப் போட்டாள். காரை ஜாக்கியில் ஏற்றி ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிவிட்டாள். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் சக்கரம் சீக்கிரம் நின்றுவிடுமாம். நான்கும் சுகமாகச் சுற்றின. கீழே படுத்துப் பெட்ரோல் வாசனை வருகிறதா என்று மோப்பம் பிடித்தாள். ஸ்டியரிங்குக்கு அடியில் கருவியைச் செருகி அரை மணி நேரம் எண்களைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லை கேட்டோ. எனக்குத்தான் குழப்பம்."

"அப்போ பெட்ரோல் ஆவியாப் போகுதா?"

"ஏசி போடுமோ சேச்சி?" என்றாள். சேச்சி என்றால் அக்கா, சரோஜத்தைத்தான் சொல்கிறாள்.

"இந்த மழையிலே ஏசி யாரு போடுவா? நீ வேற" என்றேன்.

அப்போது நான் சொன்னது அதுதான். வெளியே கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. தகரக் கூரைச் சத்தத்தில் நாங்கள் கத்தித்தான் பேசிக்கொண்டிருந்தோம். மழைக்காலத்தில் ஒருத்திக்கு வியர்க்கும் என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

அன்று சாயந்திரம் டேங்கை நிரப்பிக்கொண்டு, மழை விட்டதும் ஷீஜாவே ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, ஈஞ்சக்கல்லிலிருந்து பைபாஸில் கோவளம் தாண்டிப் போய்த் திரும்பி வந்தோம். மறுபடி நிரப்பினோம். ஏறக்குறைய பதினெட்டு. நெடுஞ்சாலை என்பதால் இரண்டு கூடுதல், வழக்கமான ரோட்டில் பழைய பதினாறேதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காருக்கு ஒன்றுமில்லை, ஆக என் பெண்டாட்டிக்கு ஓட்டத் தெரியவில்லை! இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை. நான் சொன்னது சரியாகிவிட்டதே, அந்தச் சந்தோஷம்தான்.

ஷீஜா மட்டும் தலையாட்டவில்லை. "ஓட்டறது மோசமானா ஒண்ணோ ரெண்டோ குறையும் அண்ணாச்சி. ஆறு குறையாது. சேச்சி வேற எங்கேயாவது போகுதா?"

"போனா கிலோமீட்டர் ஏறணுமே. கிலோமீட்டர் சரியா அப்படியே இருக்கு. வாரம் நூத்தறுபதுக்கு மேலே போகலை."

"ஓடவும் இல்லை, பெட்ரோலும் இல்லை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு மேஜையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு சின்னக் கருவியை எடுத்தாள். அதற்குள்ளேயே சிம் உண்டு. ஸ்டியரிங்குக்கு அடியில் செருகிவிட்டால் எஞ்சின் எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது, வண்டி எங்கே இருக்கிறது எல்லாம் அவள் போனில் தெரியும். நாலு நாள் இருக்கட்டும் என்றாள். "சேச்சிகிட்டே சொல்லிடணும் கேட்டோ. சொல்லாம வைக்கறது மரியாதை இல்லை."

சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லவில்லை. சொன்னால் நாலு நாளும் ஒழுங்காக ஓட்டிவிட்டுப் பிறகு பழையபடி ஓட்டுவாள் என்று கணக்குப் போட்டேன். என் புத்தி அப்படி.

அந்த நாட்களில் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். சரோஜத்துக்கு ஒரு மாதமாகத் தலைவலி. மத்தியானம் சாப்பாடு போட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்பாள். காப்பியைக் குறை என்றேன். ராத்திரி எழுந்து நடுமுற்றத்தில் போய் நிற்பாள், சில நாள் உடம்பில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்கும். லைட்டைப் போடாதே, கண் கூசுது என்பேன். எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. பெங்களூரில் வேலை பார்க்கிற மகள் ஆதிரா இரண்டு வருஷம் முன்பே வாங்கித் தருகிறேன் என்றாள். ஓடு போட்ட, சுவர் பெருத்த வீட்டில் ஏசி எதற்கு, எனக்குச் சளி பிடிக்கும் என்று நான்தான் தடுத்துவிட்டேன். ஃபேன்கூட இரண்டுக்குமேல் வைக்க விடமாட்டேன். இவையெல்லாம் தனித்தனியாக எனக்குத் தெரியும். மூட்டைக்குள் கைவிட்டுப் பார்க்கிறவனுக்கு, பக்கத்தில் படுத்திருக்கிறவளின் விஷயத்தில் கை நீளவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒன்று ஐம்பதுக்கு ஷீஜா போன் செய்தாள். அன்று அதிசயமாக வெயில். கடை வாசலில் லாரி நின்று புளி மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, காரணம் கிட்டிடுச்சு. எஞ்சின் ஓடுது, வண்டி ஓடலை. ஐம்பத்தைந்து நிமிஷமா ஒரே இடத்திலே நின்னு ஓடுது. ஏசியும் போட்டிருக்கு. நேற்றும் அதே சமயத்திலே ஒரு மணிக்கூர். தினமும் ஒரு லிட்டர் அங்கே போகுது, அதாக்கும் குறையறது."

"எங்கே, கரமனை பிளாக்கிலேயா?"

"இல்லை. வலியசாலை. உங்க தெருவுக்குப் பின்னாலே."

"அது எங்க ஷெட்டுலா?" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. "ஷெட்டிலே காரை நிறுத்தி ஏசியைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காளா? நல்ல கதை!"

ஷீஜா சிரிக்கவில்லை. "ஷெட்டுன்னா? கதவு உண்டோ?"

"ஷட்டர் உண்டு."

"ஷட்டர் அடைச்சிருக்குமோ?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணாச்சி, அடைச்ச இடத்திலே எஞ்சின் ஓடினா புகை உள்ளேயே நிக்கும். மணம் தெரியாது. உறங்கினா பின்னே எழும்ப முடியாது. ஓடு அண்ணாச்சி. ஓடு" என்றாள்.

ஸ்கூட்டர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. ஓடினேன். ஐம்பத்தேழு வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆரியசாலையின் மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்களுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவில் ஓடினேன். ஓடிக்கொண்டே அவளுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. யாரோ "அண்ணாச்சி, என்னவாக்கும்?" என்று கேட்டார்கள். தலைவலி, வாந்தி, தலைவலி என்று எனக்குள் வந்துகொண்டே இருந்தது. காப்பியைக் குறை என்று சொன்ன என் வாயை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. பிள்ளையாரப்பா, இத்தனை வெள்ளிக்கிழமைத் தேங்காயையும் இன்றைக்குச் சேர்த்து வைத்துக்கொள் என்றும் கேட்டேன். வெட்கப்பட நேரமில்லை.

சந்தின் முனையில் தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நாலைந்து ஆட்கள், சத்தமும் பேச்சுமாக. எங்கள் ஷட்டர் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கியிருந்தது. அந்த ஒரு சாண் வழியாக எஞ்சினின் முனகல் கேட்டது.

இரண்டு கையாலும் ஷட்டரை மேலே தூக்கித் தள்ளினேன். உள்ளே சூடு முகத்தில் அடித்தது. கார்க் கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. சீட்டைச் சாய்த்து, கழுத்தில் ஈரத் துவர்த்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு, வாய் கொஞ்சம் திறந்து சரோஜம் படுத்திருந்தாள். செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஒரு பக்கம் வைத்திருந்தாள். கண்ணாடியில் தட்டினேன். அசையவில்லை. குத்தினேன். "பிள்ளே! ஏ சரோஜம்!" என்று நான் கத்திய கத்தலில் பள்ளம் தோண்டுகிறவர்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் மண்வெட்டியை ஓங்கினார்.

அப்போது அவள் கண்ணைத் திறந்தாள். யாரோ தூரத்தில் கூப்பிடுவது போலப் பார்த்தாள். கை மெதுவாக வந்து கதவின் பூட்டை விடுவித்தது.

எஞ்சினை அணைத்து அவளை வெளியே கூட்டிவந்தேன். இரண்டடி நடந்ததும் ஓடை ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தாள். முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"நீங்க ஏன் இப்படி வேர்த்து நனைஞ்சிருக்கியோ?" என்றாள்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூக்கில் ஆக்சிஜன் வைத்து நான்கு மணி நேரம் படுக்க வைத்தார்கள். ரத்தத்தில் புகை ஏறியிருக்கிறது, அதிகமில்லை, இறங்கிவிடும் என்றார் டாக்டர். அந்த ஒரு சாண் திறந்திருந்ததால் இப்படி, முழுக்க அடைத்திருந்தால் வேறு மாதிரி என்றும் சொன்னார். அந்த வேறு மாதிரியை நான் யோசிக்காமல் இருக்க முயற்சி செய்தேன். முடியவில்லை.

சாயந்திரம் ஐந்து மணி வாக்கில் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. கருவி வைத்ததை முதலில் நானே சொல்லிவிட்டேன். வேறு யார் மூலமாவது தெரிந்தால் என்னைத் தொலைத்துவிடுவாள்.

"என்னைப் பின்னாலே வந்து பாக்க மெஷின் வச்சியளா?"

"மைலேஜுக்காக வச்சேன்."

"அதான் தெரியுமே" என்றாள். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

பிறகு அவளாகவே சொன்னாள். மாதவிலக்கு நிற்கிற காலம். எட்டு மாதமாக உடம்புக்குள் திடீரென்று அடுப்பை மூட்டின மாதிரி ஒரு சூடு, மழையானாலும் பனியானாலும். ராத்திரி நாலு தடவை அஞ்சு தடவை. தூக்கம் கிடையாது. வகுப்பில் பிள்ளைகளின் முன்னால் நிற்கும்போது கண் சொருகும். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஸ்டியரிங்கில் கண் அசந்துவிட்டது. பயந்துபோய்க் கரமனை ஆற்றோரம் மரத்தடியில் நிறுத்தி, ஏசியைப் போட்டுக் கண்ணை மூடினாளாம். எட்டு மாதத்தில் முதல் தடவையாகச் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் தூங்கினாள்.

"பெறகு தினமும் அங்கேயே நிறுத்தினேன். நாலாம் நாளு ஒரு பிள்ளையோட அம்மை கண்ணாடியிலே தட்டி, டீச்சர், வீட்டிலே ஏதும் பிரச்சினையான்னு கேக்கா. அதோட அங்கே விட்டேன். ஷெட்டிலே யாரும் பாக்க மாட்டாவ. ஷட்டரைப் பாதி இறக்கிட்டா வெளியிலே தெரியாது. இன்னைக்குப் பள்ளம் தோண்டுறவனுங்க நின்னானுங்க, அதான் கொஞ்சம் கூட இறக்கினேன்."

"வீட்டுக்கு வந்து படுத்தா என்ன?"

"வீட்டிலே எங்கே படுக்க? ரெண்டு பக்கமும் செவுரு காது. மத்தியானம் படுத்தா சாயந்திரம் நாலு பேரு வந்து என்ன சீக்குன்னு கேப்பாவ. அதோட வேக்காடு. அந்தக் காரிலே மட்டுந்தான் எனக்குக் குளுந்துது."

"என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். மூக்கில் குழாயோடு.

"சித்திரையிலே சொன்னேன். உள்ளே தீயா எரியுது, தூங்க முடியலைன்னு சொன்னேன். எல்லாருக்குந்தான் வேக்குதுன்னு சொல்லிட்டு, உங்களுக்குக் குளுருதுன்னு ஃபேனை ஒண்ணு குறைச்சியோ. வாரம் தவறாம அந்தக் காருக்கு என்ன கொறைஞ்சுது, என்ன கூடிச்சுன்னு பாக்குதியோ. நான் ராத்திரி எத்தனை மணிக்கூர் தூங்கினேன்னு என்னைக்காவது கேட்டியளா?"

சித்திரையில் அவள் சொன்னதும், நான் ஃபேனைக் குறைத்ததும் நன்றாக ஞாபகம் வந்தது. ரெகுலேட்டரின் 'டிக்' சத்தம்கூட. நான் அழுதேன். ஆஸ்பத்திரிக் கட்டிலின் இரும்புக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் படுத்துக்கொண்டாள். சரோஜம் என் தலையில் கையை வைத்து, "போதும், ஆளுவோ பாக்குதாவோ" என்றாள்.

அன்று ராத்திரியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வியாழக்கிழமை ஏசி வந்தது. ஷீஜா வந்து கருவியைக் கழற்றிக்கொண்டு போனாள். சேச்சியிடம் முன்பே சொல்லவில்லை என்று தெரிந்ததும் என்னிடம் இரண்டு நிமிஷம் மலையாளத்தில் பேசினாள். அதை இங்கே எழுத முடியாது, நியாயமான பேச்சுதான். ஷெட்டின் பின்சுவரில் மேலே இரண்டு துவாரமும் போட வைத்துவிட்டுத்தான் போனாள். இனி யாரும் உள்ளே எஞ்சினை ஓடவிடப் போவதில்லை, இருந்தாலும் போடு என்றாள்.

சாவியை நான் கேட்கவில்லை. அது ஆணியில் தொங்கியது, காலையில் அவள் எடுத்துக்கொண்டு போனாள். ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி வரை படுத்தாள். சாப்பாட்டை நானே போட்டுச் சாப்பிட்டேன். கரண்டிச் சத்தம் கேட்கக் கூடாதென்று பாத்திரத்தைத் துணிமேல் வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அம்மாள் வந்து சரோஜத்துக்கு என்ன சீக்கு என்று கேட்டாள். தூங்குகிறாள், அது சீக்கில்லை என்று சொல்லி அனுப்பினேன். ராத்திரி குரங்குக் குல்லாயும் கம்பளியுமாக அவள் பக்கத்தில் படுத்தேன். எனக்குச் சளி பிடித்தது, பிடித்துவிட்டுப் போகிறது.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமைக் கணக்கில் ஆஸ்பத்திரிக்குப் போன நாளும் சேர்ந்திருந்ததால் அதை விட்டுவிட்டேன். அதற்கடுத்த வெள்ளி, தேங்காய் உடைத்து, குழாய் 'டக்' என்று நின்றதும் வகுத்தேன். பதினாறு புள்ளி ஒன்று. பழைய ஆளாக இருந்தால் பங்கிலேயே குதித்திருப்பேன். நோட்டில் எழுதினேன். எழுதிவிட்டுப் பேனாவை மூடப்போனவன், மூடாமல் கீழே இன்னொரு வரி எழுதினேன்: 'சரோஜம், தூக்கம், ராத்திரி ஆறு மணி நேரம்.' பத்து மணிக்கு விளக்கணைத்ததும் நான்கு மணிக்கு நான் எழுந்தபோது அவள் படுத்திருந்ததும் எனக்குத் தெரியும். அதை வைத்துப் போட்ட கணக்கு. ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு காரை ஷெட்டில் விட்டேன்.

அன்று மத்தியானம் நான் வழக்கத்தைவிடச் சீக்கிரம் சாப்பிட வந்திருந்தேன். அவள் வீட்டுக்கு வரும்போது கையில் அந்த நோட்டு இருந்தது. என் எதிரில் உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தாள்.

"என்னையும் வண்டின்னு நெனச்சியளா?" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டாள்.

"நீதானே கேட்டே, எத்தனை மணிக்கூர்னு..."

"ஆறு மணிக்கூர்னு யாரு சொன்னா?"

"நான்தான் பாத்தேனே."

"நீங்க பத்தேகாலுக்கே குறட்டை விட்டாச்சு."

என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். ஆறை ஒரு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில், கரும்பலகையில் எழுதுகிற அதே தெளிவான எழுத்தில், மூன்றரை என்று எழுதினாள். நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டுப் படுக்கப் போனாள்.

ஏசி போட்டும் மூன்றரைதான். பதினாறு திரும்பி வந்த அதே பக்கத்தில் அது இருந்தது. நான் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டு, முற்றத்தில் நின்று, பெண்களுக்குப் பார்க்கிற டாக்டர் ஒருவரின் நம்பர் கேட்டு ஷீஜாவுக்குப் போன் செய்தேன். மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் விடுமுறை. காலை பத்து மணிக்கு டோக்கன் கிடைத்தது. காரை அவள் ஓட்டினாள், கடையைச் சாத்திவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.